சம்பளத்தோடு ஒரு ரெசிடென்சி: சமகால நடனம் படைப்பவர்கள் முன்கூட்டியே போட வேண்டிய கணக்கு

கலைஞரைச் சில வாரமோ மாதமோ ஓரிடத்தில் தங்க வைத்து, படைப்பு வேலைக்கு இடமும் நேரமும் தருவதுதான் ரெசிடென்சி. அதன் அறிவிப்பு வந்ததும் முதலில் கண்ணில் படுவது ஊர்ப் பெயரும் தொகையும்தான். இரண்டையும் சற்று ஓரமாக வைத்துவிட்டு, ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்தியாவுக்குள்ளேயே ஒரு மூன்று வார ரெசிடென்சி என்று வைத்துக்கொள்வோம். மதிப்பூதியம் 1,50,000 ரூபாய். ஸ்டுடியோவும் தங்குமிடமும் இலவசம். நீங்களும் இரண்டு நடனக் கலைஞர்களும் சென்னையிலிருந்து போகிறீர்கள். தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம் வருமான வரியை முன்கூட்டியே (டிடிஎஸ்) பிடித்தால் கைக்கு வருவது 1,35,000. கலைஞர் ஒருவருக்கு நாளைக்கு 2,500 வீதம் 15 வேலை நாள், இரண்டு பேருக்கு 75,000. மீதி 60,000. இசை செய்து தருபவருக்கு 20,000 போனால் 40,000. மூன்று பேர் ரயிலில் போக வர, ஆட்டோ எல்லாம் சேர்த்து 12,000. மீதி 28,000. கடைசி நாள் வீடியோ எடுப்பவருக்கு 10,000. மீதி 18,000. சாப்பாடு அவர்கள் பொறுப்பில் இல்லை என்றால் தலைக்கு நாளைக்கு 300 வீதம் 21 நாள், மூன்று பேருக்கு 18,900. ஆக, 900 ரூபாய் துண்டு விழுகிறது. வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்து, வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையென்றால், பிடித்த 15,000 பிறகு திரும்பி வரும். மூன்று வார உழைப்புக்கு உங்களுக்கென்று நிற்பது அவ்வளவுதான். ஊரில் வீட்டு வாடகை ஓடிக்கொண்டிருக்கும், நிறுத்தி வைத்த வகுப்புகளின் வருமானமும் இருக்காது.

அதே ரெசிடென்சிக்குத் தனி ஆட்டத்தோடு போனால் கணக்கு வேறு: 1,35,000இல் இசைக்கு 20,000, பயணம் 4,000, வீடியோ 10,000, சாப்பாடு 6,300 போக 94,700 மிஞ்சும். இதற்காக எல்லோரும் தனி ஆட்டமே செய்யுங்கள் என்று சொல்லவில்லை. தொகை தலைக்கு இவ்வளவா, படைப்புக்கு இவ்வளவா என்று அறிவிப்பிலேயே தேடுங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் விண்ணப்பிக்கும் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்பதால் யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. படைப்புக்கு ஒரே தொகை என்றால் கலைஞர்களை முழுக் காலத்துக்கும் அழைக்காமல், முதல் வாரத்தில் தனியாக அசைவுகளைத் தேடிவிட்டு மற்றவர்களை 8 நாளுக்கு மட்டும் வரச் சொல்லலாம். மேலே போட்ட கணக்கில் அது மட்டுமே 35,000 ரூபாய் மிச்சப்படுத்தும். கலைஞர்களின் கூலியில் கை வைத்து வரவு செலவைச் சரிக்கட்டுவது மட்டும் வேண்டாம். இந்தத் துறை சிறியது. சம்பளம் கொடுக்காமல் ‘அனுபவம் கிடைக்குமே’ என்று அழைத்த பெயர் பல வருடம் கூடவே வரும்.

தொகையைத் தனித்தனி இனங்களாகப் பிரித்துக் கேட்பது நல்ல பழக்கம். உழைப்புக்கான கட்டணம், தினப்படி, பயணம், தங்குமிடம், ஸ்டுடியோ, படைப்புச் செலவு, விசா, காப்பீடு ஆகிய எட்டில் எவை சேர்ந்திருக்கின்றன, எவை உங்கள் தலையில் விழுகின்றன என்று பாருங்கள். தினப்படியைச் சம்பளம் என்று எண்ணிக்கொள்வதுதான் புதியவர்களிடம் அதிகம் காணும் பிழை. ஐரோப்பிய நகரம் ஒன்றில் கிடைக்கும் பேட்டா அந்த ஊர்ச் சாப்பாட்டுக்கும் பேருந்துக்குமே சரியாகப் போய்விடும். ரூபாயில் பெருக்கிப் பார்த்துக் கிடைக்கும் பெரிய எண் ஊர் திரும்பும்போது இருக்காது.

‘ரெசிடென்சி’ என்று பெயர் வைத்து நம்மிடமே பணம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். விண்ணப்பக் கட்டணம், பங்கேற்புக் கட்டணம், தங்குவதற்குத் தனிக் கட்டணம் என்று அடுக்கினால், நாமே காசு கொடுத்துச் சேரும் பயிற்சி முகாம் அது. கற்றுக்கொள்ளப் போவதாக இருந்தால் போகலாம், தொழில் வருமானமாகக் கணக்கில் வைக்க முடியாது. சம்பளம் தருகிற இடம் பொதுவாக யார் பணம் தருகிறார்கள், போன வருடம் யார் வந்தார்கள், எத்தனை பேரை எடுப்பார்கள் என்பதை வெளிப்படையாக எழுதியிருக்கும். இந்த மூன்றும் இல்லாத அறிவிப்பில் எச்சரிக்கையாக இருங்கள்.

கணக்குக்கு அடுத்தபடி, படைப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரெசிடென்சிகள் எல்லாம் ஒரே வகை கிடையாது. ஆய்வு ரெசிடென்சியில் முடிவாக எதையும் காட்ட வேண்டியதில்லை, கேள்வியோடு போய்க் கேள்வியோடு வரலாம். தயாரிப்பு ரெசிடென்சி முடியும்போது படைப்பு மேடைக்கு நெருங்கியிருக்க வேண்டும். தொழில்நுட்ப ரெசிடென்சி என்றால் விளக்கும் ஒலியும் உள்ள உண்மையான மேடையில் சில நாட்கள். அங்கே அசைவே இன்னும் முடிவாகாமல் போனால், விளக்கு அமைப்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நீங்கள் மேடை நேரத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மாறாக, முடிந்துவிட்ட படைப்பை ஆய்வு ரெசிடென்சிக்கு அனுப்பினால் தேர்வுக் குழு அதை நான்கு வரியில் கண்டுபிடித்துவிடும்.

சில இடங்களை வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகும். சுவிட்சர்லாந்து அரசின் கலை மன்றமான ப்ரோ ஹெல்வெட்டியா, புது தில்லியில் உள்ள அலுவலகம் வழியாகத் தெற்காசியக் கலைஞர்களுக்கு இரண்டு விதமாக வாய்ப்புத் தந்து வருகிறது. ஒன்று மூன்று மாத ஸ்டுடியோ ரெசிடென்சி, மற்றது நான்கு வாரம் வரையிலான ஆய்வுப் பயணம். இலங்கைக் கலைஞர்களும் இதே அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறார்கள். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்துகொண்டு, இது இந்தியர்களுக்கானது என்று ஒதுங்க வேண்டியதில்லை. இன்னும் கரு மட்டும் இருக்கிறது, சந்திக்க வேண்டிய ஆட்கள் அங்கே இருக்கிறார்கள் என்றால் நான்கு வாரப் பயணம்தான் பொருத்தம். அதற்கு மூன்று மாதம் கேட்பது வீண்.

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் உள்ள பாக்ட் ட்சோல்ஃபெரைன் வேறு ரகம். பழைய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் குளித்து உடை மாற்றிய கட்டடத்தில் 2002 முதல் இயங்கும் நடன மையம் அது. ஸ்டுடியோ, தங்குமிடம், உதவித்தொகை மூன்றையும் சேர்த்துத் தருவதால், சிறு குழுவாக ஓரிடத்தில் அடைந்து கிடந்து வேலை செய்ய ஏற்றது. ஹாம்பர்கின் காம்ப்நாகெல் கலை வளாகத்தில் உள்ள கே3 என்ற நடன மையம், வளரும் நடன வடிவமைப்பாளர்களுக்கான 8 மாத ரெசிடென்சியால் பெயர் பெற்றது. எட்டு மாதம் என்பது வேறு ஊரில் வாழ்க்கை நடத்துவது. வீட்டில் வயதான பெற்றோர், கைக்குழந்தை, மாதத் தவணை என்று இருப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே வீட்டில் பேசி முடிவெடுத்துவிட வேண்டும். தேர்வான பிறகு மறுப்பது இன்னொருவருடைய இடத்தை வீணாக்குவது.

வியன்னாவின் இம்புல்ஸ்டான்ஸ் நடன விழாவோடு 1996 முதல் நடக்கும் டான்ஸ்வெப் உதவித்தொகையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது ஐந்து வாரம் பட்டறைகளும் நிகழ்ச்சிகளும் நிறைந்த கற்றல் திட்டம். உலகம் முழுவதிலிருந்தும் வரும் சக கலைஞர்களோடு பழகக் கிடைப்பது பெரிய வரம். ஆனால் அங்கே உட்கார்ந்து ஒரு படைப்பை முடிக்கலாம் என்று போனால் ஏமாற்றம்தான். வயது வரம்பும் உண்டு என்பதால் இருபதுகளிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

பிரான்சில் கதையே வேறு. அங்கே 19 தேசிய நடன மையங்கள் இருக்கின்றன. வெளிக் குழுக்களைத் தங்கள் ஸ்டுடியோவில் வரவேற்று ஆதரிப்பது அவற்றின் கடமைகளில் ஒன்று. இதற்கெல்லாம் சேர்த்து ஒரே விண்ணப்பப் படிவம் என்று கிடையாது, மையம் மையமாக எழுத வேண்டும். பருவ அட்டவணை ஒரு வருடம் முன்னாலேயே நிரம்பத் தொடங்கிவிடும். அந்த மையத்தின் இயக்குநர் எப்படிப்பட்ட படைப்பாளி என்பதைப் பார்க்காமல் ஒரே கடிதத்தைப் பத்தொன்பது இடத்துக்கும் அனுப்பினால் பதிலே வராது.

அமெரிக்காவில் பல திட்டங்கள் அந்தந்த நகரத்தில் வாழ்பவர்களுக்கே. நியூயார்க்கின் கியூனி டான்ஸ் இனிஷியேட்டிவ் அப்படிப்பட்டதுதான், பல்கலைக்கழக வளாகங்களில் உள்ள ஸ்டுடியோக்களை நகரத்து நடன வடிவமைப்பாளர்களுக்குத் திறந்துவிடுகிறது. சென்னையிலிருந்து விண்ணப்பித்துப் பயனில்லை. அங்கே குடியேறிவிட்ட தமிழ்க் கலைஞர்களுக்கு இது உண்மையான வாய்ப்பு.

நம் பக்கத்தில் வாய்ப்புகள் குறைவு, தொடர்ச்சியும் குறைவு. தில்லியின் கதி டான்ஸ் ஃபோரம் 2009இல் தொடங்கிய கோடைக்கால ரெசிடென்சி, வழிகாட்டிகளோடு பல வாரம் வேலை செய்து பார்வையாளர் முன் காட்டும் முறையை இந்தியாவில் ஒரு தலைமுறைக்கே பழக்கியது. பெங்களூரின் அட்டக்களரி நடன மையம் தன் பன்னாட்டு விழாவையொட்டி இளம் படைப்பாளிகளுக்கு ரெசிடென்சி நடத்தியிருக்கிறது. சென்னையின் ப்ரக்ரிதி அறக்கட்டளை நடத்திய சமகால நடன விருதில், குறும்படைப்பாகக் காட்டியதை முழுப் படைப்பாக வளர்க்க வென்றவருக்குப் பணமும் வழிகாட்டலும் கிடைத்தன. ரெசிடென்சி என்ற பெயர் இல்லாவிட்டாலும் வேலை அதே வேலைதான். பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் தரும் நிதிக்கு நீங்களே விண்ணப்பித்து, ஸ்டுடியோவை நீங்களே ஏற்பாடு செய்து, உங்களுக்கான ரெசிடென்சியை ஊரிலேயே அமைத்துக்கொள்ளவும் முடியும். குடும்பப் பொறுப்பு உள்ளவர்களுக்கு இதுதான் சிறந்த வழி என்பது என் கருத்து. இதை யாரும் போதிய அளவு பயன்படுத்துவதில்லை.

அறிவிப்புகளைத் தேட ஆன் தி மூவ், ரெஸ் ஆர்ட்டிஸ், ட்ரான்ஸ்ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆகிய மூன்று தளங்களும் போதும். நாடு, துறை, பயணச் செலவு உண்டா இல்லையா என்று வடிகட்டிப் பார்க்கலாம். நடனத்துக்கு என்று போடாமல் நிகழ்கலை, பல்துறை என்ற பிரிவுகளிலும் தேடுங்கள், நல்ல வாய்ப்புகள் பல அங்கேதான் ஒளிந்திருக்கும். கடைசித் தேதி ஐரோப்பிய நேரப்படி நள்ளிரவு என்றால் இந்தியாவில் அது மறுநாள் அதிகாலை. அந்த மூன்றரை, நான்கரை மணி நேரத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். கடைசி நாளில் இணையப் படிவம் திணறுவது சகஜம்.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். ‘உடல், நினைவு, அடையாளம் ஆகியவற்றுக்கு இடையேயான உறவை ஆராய விரும்புகிறேன்.’ தேர்வுக் குழுவின் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் பாதி இப்படித்தான் தொடங்கும். இதைப் படித்தவர் கண் முன்னால் எந்த உடலும் வராது. இதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: ‘முட்டியை மடித்துப் பாதி அமர்ந்த அரைமண்டியில் அசையாமல் நின்றால் சில நிமிடத்தில் தொடையில் நடுக்கம் தொடங்கும். பரதநாட்டியப் பயிற்சி அந்த நடுக்கத்தை அடக்கச் சொல்கிறது. அதை அடக்காமல் வளரவிட்டு, அதிலிருந்தே அடுத்த அசைவை எடுத்தால் உடல் எங்கே போகும்? இரண்டு கலைஞர்களோடு மூன்று வாரம் இதைச் சோதிக்க வேண்டும்.’ படித்ததும் அறை தெரிகிறது, உடல் தெரிகிறது, ஏன் இரண்டு பேர், ஏன் மூன்று வாரம் என்பதும் தெரிகிறது.

கேள்வி இப்படித் துல்லியமாக இருந்தால் கால அட்டவணை தானாக வரும். முதல் வாரம்: இருவரும் தனித்தனியே அரைமண்டியில் நிற்பது, நடுக்கம் தொடங்கும் நிமிடத்தைக் குறிப்பது, பாதத்தின் அகலத்தையும் எடை விழும் இடத்தையும் மாற்றிப் பார்ப்பது. இரண்டாம் வாரம்: ஒருவர் நடுக்கத்தை மற்றவர் தொட்டு உணர்வது, அதன் வேகத்தை ஒலியாக்குவது. மூன்றாம் வாரம்: கிடைத்தவற்றில் இரண்டை மட்டும் எடுத்து 15 நிமிடத்துக்குக் கோப்பது. இதில் தொடைத் தசை ஓய்வெடுக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் கனமான பயிற்சி என்று எழுதினால், இவர் உண்மையாகவே இதைச் செய்து பார்த்திருக்கிறார் என்று படிப்பவருக்குப் புரியும்.

வெளிநாட்டுக் குழு நம்மிடம் ‘இந்தியத்தன்மை’ எதிர்பார்க்கும் என்று நினைத்துக் கோவில், கோலம், காவி நிறம் என்று கொட்டுபவர்கள் உண்டு. தேவையே இல்லை. சென்னை நடன வடிவமைப்பாளர் சந்திரலேகா 1985இல் ‘அங்கிகா’வில் பரதத்தையும் களரியையும் யோகத்தையும் ஒரே மேடையில் வைத்துக் கேட்டது, இந்த உடலின் பலம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைத்தான். அலங்காரத்தை எல்லாம் அவர் கழற்றி வைத்தார். பெசன்ட் நகர்க் கடற்கரையோரம் அவர் உருவாக்கிய ‘ஸ்பேசஸ்’ வளாகத்திலிருந்து உலக மேடைகளுக்குப் போனவை அந்தக் கேள்விகளே. உங்கள் பயிற்சி எதுவோ, அது பரதமோ கூத்தோ பறையாட்டமோ ஹிப்ஹாப்போ, அதன் நுட்பத்தை உள்ளிருந்து எழுதுங்கள். ஊரின் பெயர்ப்பலகையாக அதை மாட்ட வேண்டாம்.

வீடியோ மாதிரிதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. அங்கேதான் அதிகம் சொதப்புகிறோம். ட்ரெய்லர் அனுப்பாதீர்கள். இரண்டு நொடிக்கு ஒரு வெட்டு, மேலே உணர்ச்சிகரமான இசை என்று போனால், நீங்கள் நேரத்தை எப்படிக் கையாளுகிறீர்கள் என்பது தெரியாது. தேர்வாளர் பார்க்க விரும்புவது அதைத்தான். வெட்டாத ஒரே ஓட்டமாக 5 முதல் 8 நிமிடம் போதும். கேமராவை ஸ்டாண்டில் நிலையாக வைத்து, தலைக்கு மேலும் பாதத்துக்குக் கீழும் இடம் விட்டு எடுங்கள். பாதம் வெட்டுப்பட்ட நடன வீடியோவால் பயனில்லை. ஸ்டுடியோவின் குழல் விளக்கில் எடுத்த எளிய பதிவு, மேடையில் பின்னொளியில் நிழலுருவாக மட்டும் தெரியும் பதிவைவிட மேல். முழுப் படைப்பின் இணைப்பைத் தரும்போது ‘3:20 முதல் 7:40 வரை பார்க்கவும்’ என்று எழுதிவிடுங்கள். கூகுள் டிரைவ் என்றால் இணைப்பு உள்ள எவரும் திறக்கலாம் என்ற அனுமதி கொடுத்து, வேறு ஒருவர் போனில் திறந்து பார்த்துச் சரிபாருங்கள். அனுமதி கேட்டு வரும் மின்னஞ்சலுக்கு நீங்கள் பதில் போடுவதற்குள் குழு அடுத்த விண்ணப்பத்துக்குப் போயிருக்கும்.

தேர்வாகிவிட்டால் மகிழ்ச்சியில் கையெழுத்துப் போடும் முன் ஸ்டுடியோவைப் பற்றிக் கேளுங்கள். முதல் கேள்வி தரை. மரச்சட்டங்களின் மேல் ரப்பர் அல்லது ஃபோம் வைத்து எழுப்பிய, அதிர்ச்சி தாங்கும் தரையா? கான்கிரீட் மேல் நேராகப் போட்ட வினைலா? மார்லி (நடனத்துக்கான வினைல் விரிப்பு) விரித்திருக்கிறது என்று சொன்னால் அதோடு நிறுத்தாதீர்கள், அதன் அடியில் என்ன என்று கேட்க வேண்டும். கிரானைட் அல்லது டைல்ஸ் மேல் விரித்த மார்லி வழுக்காமல் காக்குமே தவிர, குதித்து இறங்கும் அதிர்ச்சியைத் துளியும் வாங்காது. நாளைக்கு ஆறு மணி நேரம் அதில் வேலை செய்தால் முதல் வாரம் முடிவதற்குள் முன்காலில் வலி தொடங்கும். வேறு வழியில்லை என்றால் குதிப்பதையும் தட்டுவதையும் குறைத்து, தரையோடு செய்யும் வேலையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். தட்டி ஆடும் வேலை உங்களுடையது என்றால் கீழ்த்தளத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். மாலை ஏழு மணிக்கு மேல் சத்தம் கூடாது என்ற விதி போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியவரும்.

அடுத்து அளவு. தூணில்லாத இடம் எத்தனை மீட்டருக்கு எத்தனை, கூரை உயரம் என்ன, கண்ணாடியை மறைக்கத் திரை உண்டா? சாவி உங்களிடம் இருக்குமா, வேறு குழுவோடு பகிர்ந்துகொள்ள வேண்டுமா? ‘ஸ்டுடியோ வசதி உண்டு’ என்பது தினமும் மதியம் இரண்டு முதல் ஐந்து வரை மட்டும் என்றும் இருக்கலாம். குளிர்காலம் என்றால் அறையின் வெப்பநிலை எவ்வளவு? வெறுங்காலோடு ஆடுபவர்களுக்கு 18 டிகிரி போதாது.

விசாவில் தேதிக் கணக்கு முக்கியம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. சுவிட்சர்லாந்தும் இதற்குள்தான். ‘மூன்று மாதம்’ என்று ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை போட்டால் அது 92 நாள். வந்திறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் ஒரு விழாவுக்காக ஐந்து நாள் போய்வந்திருந்தால் அதையும் கழிக்க வேண்டும். ஆகவே அழைப்புக் கடிதம் எழுதும்போதே தேதிகளைச் சரி செய்யச் சொல்லுங்கள், அல்லது நீண்ட கால விசாவுக்கான கடிதம் கேளுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக் கூடாது. கோடையில் சென்னையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும் என்பதால் கடிதம் வந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தப் பயணக் காப்பீடு அவசர சிகிச்சைக்கானது. ஒத்திகையில் முட்டி விலகினால் அதற்குப் பிறகான பிசியோதெரபிக்குப் பெரும்பாலும் வராது. வேலையில் அடிபட்டால் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் தனியாகக் கேட்க வேண்டும். இடையில் கட்டணம் வாங்கிக்கொண்டு மேடையேறப் போகிறீர்கள் என்றால் அதையும் அழைப்புக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள், அனுமதி விதிகள் நாட்டுக்கு நாடு மாறும்.

பெயர் விஷயம் தமிழர்களுக்கு அடிக்கடி வரும் தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும், வங்கிக் கணக்கில் இனிஷியல் முன்னால் இருக்கும், நிகழ்ச்சி நோட்டீஸில் மேடைப் பெயர் இருக்கும். ஒப்பந்தம் மேடைப் பெயரில் வந்து, பணம் அதே பெயரில் அனுப்பப்பட்டால் வங்கி நிறுத்தி வைக்கும் அல்லது திருப்பி அனுப்பும். ஒப்பந்தத்திலும் விமானச் சீட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், வங்கி விவரப் படிவத்தில் வங்கிப் புத்தகத்தில் உள்ளபடி பெயர், விளம்பரத்தில் மட்டும் மேடைப் பெயர் என்று முதல் மின்னஞ்சலிலேயே பிரித்து எழுதிக்கொடுங்கள்.

பணம் எப்போது வரும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பாதி தொடக்கத்தில், பாதி அறிக்கை கொடுத்த பிறகு என்பது பரவலான வழக்கம். பயணச் செலவை ‘பில் காட்டினால் தருவோம்’ என்பவர்களிடம், டிக்கெட்டை அவர்களே எடுத்துத் தர முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். கையில் காசில்லாத இளம் கலைஞருக்கு விமானச் சீட்டின் விலையை இரண்டு மூன்று மாதம் முடக்கி வைப்பது வட்டிக்கு வாங்க வைக்கும். சொல்லும் தொகை வரிக்கு முன்பா, வரி போகவா? ஜெர்மனியில் வெளிநாட்டுக் கலைஞரின் மேடைக் கட்டணத்தில் 15 சதவீதமும் அதன் மேல் கூடுதல் வரியும் சேர்த்து 15.825 சதவீதம் பிடிக்க விதி உண்டு. பிடித்தால் அதற்கான சான்றிதழை ஊர் திரும்பும் முன் கேட்டு வாங்குங்கள், இந்தியாவில் வரி கட்டும்போது கழித்துக்கொள்ள அது வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் தொகை உங்கள் உழைப்புக்கான கட்டணமா, நன்கொடையா என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கட்டும். நன்கொடை என்றால் வெளிநாட்டு நிதிச் சட்டமான எஃப்சிஆர்ஏ குறுக்கே வரும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தச் சட்டப்படி பெற்ற நிதியை ஒரு அமைப்பு இன்னொருவருக்கு மாற்றித் தரவும் முடியாது. நண்பரின் டிரஸ்ட் வழியாக வாங்கிக்கொள்ளலாம் என்ற பழைய ஏற்பாடு இனி நடக்காது. சந்தேகம் இருந்தால் கையெழுத்துக்கு முன் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் செலவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வரிகளைத் தேடுங்கள். முதல் அரங்கேற்ற உரிமை அவர்களுக்கா? அப்படியானால் எந்தத் தேதிக்குள்? தேதி இல்லாத நிபந்தனை உங்கள் படைப்பை வருடக்கணக்கில் கட்டிப்போட்டுவிடும். ரெசிடென்சி முடிவில் வேலையைப் பார்வையாளர்களுக்குக் காட்டும் ஷேரிங்கில் எடுத்த வீடியோவை அவர்கள் இணையத்தில் போடலாமா? அரைகுறையாக இருக்கும் வேலை முழு நீளத்தில் வெளியே போனால் அடுத்து வாங்க நினைத்த விழாவுக்கு ஆர்வம் குறையும். இரண்டு நிமிடத்துக்கு மேற்படாத பகுதி, உங்கள் ஒப்புதலோடு என்று மாற்றி எழுதச் சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு நேரம் மணலாக வழியும். இரண்டு வாரம், பத்து வேலை நாள், நாளைக்கு ஆறு மணி நேரம் என்றால் 60 மணி. தினமும் உடலைச் சூடேற்ற ஒரு மணி போனால் 50. ஷேரிங்குக்குத் தயாராகக் கடைசி இரண்டு நாள் போனால் 40. படைப்புக்கென்று உண்மையில் கிடைப்பது அவ்வளவே. அதனால் பட்டறை நடத்திக் கொடுங்கள், பள்ளிக்கூடம் வாருங்கள், வரவேற்பு விருந்து என்று வரும் கூடுதல் வேலைகளை எத்தனை மணி நேரம் என்று முன்பே வரையறுத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்குத் தனிக் கட்டணம் கேட்பது நியாயமே.

ஷேரிங்கில் பளபளப்பான முடிவு காட்ட வேண்டும் என்ற பதற்றம் பல நல்ல தேடல்களைக் கெடுத்திருக்கிறது. கடைசி மூன்று நாள் விளக்கும் உடையும் தேடி ஓடுவதைவிட, கண்டெடுத்த இரண்டு விஷயங்களைச் சாதாரண வெளிச்சத்தில் 15 நிமிடம் காட்டுங்கள். பிறகு பேச்சு நடக்கும்போது ‘எப்படி இருந்தது?’ என்று பொதுவாகக் கேட்டால் வாழ்த்தும் அறிவுரையும் மட்டுமே கிடைக்கும். அமெரிக்க நடன வடிவமைப்பாளர் லிஸ் லெர்மன் உருவாக்கிய நான்கு படி முறை இங்கே கைகொடுக்கும். முதலில் பார்த்தவர்கள் தங்கள் மனதில் பதிந்தது என்ன என்று சொல்கிறார்கள். இரண்டாவதாகப் படைப்பாளி தன் கேள்விகளைக் கேட்கிறார். மூன்றாவது, பார்த்தவர்கள் தங்கள் கருத்தை உள்ளே நுழைக்காமல் கேள்வி கேட்கிறார்கள். கடைசியாகத்தான் கருத்து, அதுவும் ‘இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, கேட்க விருப்பமா?’ என்று அனுமதி வாங்கிய பிறகு. இரண்டாம் படிக்கான கேள்விகளை முந்தின நாளே எழுதி வையுங்கள். ‘நடுக்கம் எந்த இடத்தில் நடிப்பாகத் தெரிந்தது?’ என்ற அளவுக்குக் கூர்மையாக இருக்கட்டும்.

தினமும் வேலை முடியும்போது பத்து நிமிடப் பதிவு ஒன்றை எடுத்து, தேதியையும் எதைச் சோதித்தோம் என்பதையும் கோப்பின் பெயரிலேயே எழுதி, இரண்டு டிஸ்க்கில் சேமியுங்கள். அடுத்த ரெசிடென்சிக்கான வீடியோ மாதிரி பெரும்பாலும் இதிலிருந்துதான் கிடைக்கும். நீண்ட படைப்புகள் ஒரே ரெசிடென்சியில் முடிவதில்லை, இரண்டு வாரம் இங்கே, இரண்டு வாரம் அங்கே என்று கோத்துத்தான் வளர்கின்றன. இடையில் நான்கு மாத இடைவெளி விழுந்தால் உடல் மறந்ததை இந்தப் பதிவுகள் எடுத்துக் கொடுக்கும்.

கிளம்பும் வாரத்தில் போர்டிங் பாஸ், ரயில் டிக்கெட், கடை ரசீது எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீது சில மாதத்தில் வெளுத்துப்போகும், தணிக்கைக்குக் கேட்கும்போது வெறும் வெள்ளைத் தாளைக் காட்ட முடியாது. அறிக்கையை இரண்டு பக்கத்தில், திரும்பிய பதினைந்து நாளுக்குள் எழுதிவிடுங்கள். திட்டமிட்டது எது, மாறியது எது, ஏன் மாறியது, மிஞ்சிய கேள்வி எது என்று நேராக எழுதினால் போதும். இரண்டாம் தவணையோடு பணம் அனுப்பிய வங்கி ஆவணத்தையும் கேட்டு வாங்கி, ஒப்பந்த நகலோடு ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.